யார் எடுக்கச் சொன்னது?

அத்தியாயம் 14

சென்ற வாரம் சாப்பாட்டு மேசையில் அப்பா அந்த அறிவிப்பைச் செய்ததும் மூத்தவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள் இல்லையா? அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதி அப்பாவைத் திட்டியிருந்தன. மீதி, சாப்பாட்டை வீணாக்கியதற்காக மூத்தவளைத் திட்டியிருந்தன. இரண்டு கட்சிக்காரர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அப்புறம் அவள் அடுக்களையில் நின்றபடியே மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்துவிட்டாள். கோபம் வேறு, பசி வேறு.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகக் கொஞ்சம். உயரமான கட்டடங்களின் வெளிப்பக்கக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கியபடி துடைப்பது இந்தக் குடும்பத்தின் தொழில். அப்பா தொடங்கியது. மூட்டு தேய்ந்துபோனதால் அவர் இப்போது இறங்குவதில்லை. கட்டடத்துக்குக் கீழே வேனில் உட்கார்ந்துகொண்டு வாக்கிடாக்கியில் உத்தரவு போடுகிறார். ஆட்கள் அவரைப் பெரியவர் என்பார்கள்.

மூத்தவள் படிப்பு முடித்த கையோடு கயிறு கட்டியவள், இன்றுவரை அவிழ்க்கவில்லை. இளையவன் ஒரு பெரிய அலுவலகத்தில் ஊழியர்களின் குறை கேட்கும் பிரிவில் இருந்துவிட்டு, சில மாதங்களுக்கு முன்புதான் வீட்டுத் தொழிலுக்கு வந்தான். அந்த இளையவன்தான் இனி நிறுவனத்தை நடத்தப்போகிறான் என்று அப்பா சொல்லிவிட்டார். மூத்தவள் அவனுக்கு 'உதவியாக' இருக்க வேண்டுமாம்.

அந்த 'உதவியாக'தான் அவள் தொண்டையில் சிக்கியது.

இன்று இளையவனுக்குத் தலைமைப் பொறுப்பில் முதல் நாள். கட்டடம் அவர்களுக்குப் பழையது. அப்பா நல்ல காலோடு இருந்தபோது துடைத்தது, நடுவில் வேறு யாரிடமோ போய்விட்டு இப்போது மறுபடி கைக்கு வந்திருக்கிறது. அவருக்கு ஏகப்பட்ட உற்சாகம். வேனில் வரும்போதே, அதன் ஒவ்வொரு மூலையும் தனக்கு அத்துப்படி என்று சொல்லிக்கொண்டு வந்தார். யாரும் கேட்கவில்லை என்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

கயிற்றில் இறங்குகிறவர்கள் நான்கு பேர். மூத்தவள், அப்பாவின் காலத்திலிருந்தே இருக்கும் நெட்டையன், மீசைக்காரர், அப்புறம் தொங்கும்போதெல்லாம் எதையாவது முனகிக்கொண்டே துடைக்கும் பாட்டுக்காரர். இளையவன் மொட்டை மாடியில் நின்று கயிறுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவன் முதல் காரியமாக எல்லோரையும் மாடியில் வட்டமாக உட்காரச் சொன்னான். வேலை தொடங்கும் முன் யாருக்கு என்ன மனக்குறை இருந்தாலும் சொல்லலாம், தயக்கமே வேண்டாம் என்றான். மீசைக்காரர் கையுறை இறுக்குகிறது என்றார். பாட்டுக்காரர் டீ ஆறிப்போயிருந்தது என்றார். நெட்டையன் தொண்டையைச் செருமினார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்ததும், ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டார்.

மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயில் ஏறினால் கண்ணாடி சுடும். போட்ட சோப்புத் தண்ணீர் துடைப்பதற்குள் காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். இங்கே என்னவென்றால் கையுறைக்கும் டீக்கும் மாநாடு. அவள் எழுந்து இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு, பேசி முடித்தாகிவிட்டதா, இறங்கலாமா என்று கேட்டாள். கேட்ட விதத்தில் வட்டம் தானாகக் கலைந்துவிட்டது.

இந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. தொங்குகிறவர்களில் கை தேர்ந்த ஒருவர் கழுத்தில் ஊதல் இருக்கும். அந்த ஊதல் நீளமாக ஒலித்தால், கையில் இருக்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் தரைக்கு இறங்கிவிட வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் கீழே வந்த பிறகு. அப்பா போட்ட சட்டம்தான். ஆனால் நேற்று அதே அப்பா, ஊதலும் இனி இளையவனிடம் இருக்கட்டும், மாடியில் நிற்பவன் சொல்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்று மாற்றிவிட்டார். பொறுப்பு என்றால் முழுசாகக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

மூத்தவள் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. ஊதலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

நால்வரும் பாதிக் கட்டடம் இறங்கியிருந்தபோது காற்று மாறியது. பக்கெட்டுகள்தான் அதை முதலில் சொல்லும். இடுப்பில் தொங்கும் பக்கெட் ஆட ஆரம்பித்தால், அடுத்து ஆடப்போவது ஆள். மீசைக்காரரின் பக்கெட் கண்ணாடியில் போய் இடித்தது. உள்ளே கணினி முன் உட்கார்ந்திருந்த ஒரு பெண் திடுக்கிட்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

இளையவனை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் பயந்தான், ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. ஒரு முடிவு யாரைத் தொடுகிறதோ அவர்களைக் கேட்காமல் எடுக்காதே என்று படித்துவிட்டு வந்தவன் அவன். நல்ல பாடம்தான். வாக்கிடாக்கியை எடுத்து, காற்று கூடுகிறது, இறங்கிவிடலாமா, இந்த வரிசையை முடித்துவிடலாமா, ஒவ்வொருவரும் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டான்.

வாக்கிடாக்கியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இரண்டு பேர் சேர்ந்து பொத்தானை அழுத்தினால் ஒருவர் குரலும் ஒழுங்காக வராது, இரைச்சல்தான் வரும். மீசைக்காரர் அழுத்தினார். பாட்டுக்காரர் அழுத்தினார். நெட்டையன் அழுத்தினார். கீழே வேனில் இருந்த பெரியவரும் அழுத்தினார். அவர் எப்போது சும்மா இருந்திருக்கிறார். எல்லோருடைய கருத்தும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கரகரப்பாக வந்தது. இளையவன் மறுபடி கேட்டான். மறுபடி அதே கரகரப்பு.

நெட்டையன் சுவரை விட்டு ஓர் ஆள் தூரம் விலகிப் போய்த் திரும்பி வந்து தோளால் மோதினார். மூத்தவள் அதைப் பார்த்தாள்.

அவள் யாரையும் கேட்கவில்லை. ஊதலை எடுத்து, மூச்சு தீரும் வரை ஊதினாள்.

மூன்று பேரும் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். பல வருடப் பழக்கம், காது கேட்டதும் கை வேலை செய்தது. மேலே இளையவன் ஒரு நொடி திகைத்தான். பிறகு வாக்கிடாக்கியை இடுப்பில் செருகிவிட்டுக் கயிறுகளைக் கவனிக்க ஓடினான். அந்த ஒரு நொடியில் அவன் கௌரவம் பார்க்காமல் இருந்ததற்காகவே அவனை எனக்குப் பிடிக்கும்.

கடைசியாகத் தரையைத் தொட்டவள் மூத்தவள். குனிந்து பட்டையை அவிழ்த்தாள். அப்பா வேனிலிருந்து இறங்கி, காலை இழுத்துக்கொண்டு அவசரமாக வந்தார். சட்டத்தை மீறியதற்கு இரண்டு வார்த்தை விழும் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் ஆட்கள் முன்னால் அவள் தோளில் தட்டினார். அப்புறம் கட்டட மேலாளரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

அவர் அப்படித் தட்டியது இதுதான் முதல் தடவை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அந்தச் சந்தோஷம், சாமான்களை வைக்கும் கீழ்த்தளத்து அறை வரைக்கும்தான் நீடித்தது.

வேலை முடிந்ததும் கயிறுகளை எடுத்து வைக்கும் முன், ஒவ்வொரு கயிற்றையும் விரலுக்கு நடுவே விட்டு முழு நீளமும் உருவிப் பார்ப்பது மூத்தவளின் வழக்கம். கண்ணுக்குத் தெரியாத காயம் விரலுக்குத் தெரியும். நெட்டையனின் கயிற்றை உருவும்போது அவள் விரல் நின்றது. மேலுறை கிழிந்து உள்ளே இருக்கும் வெள்ளை நூல் பிதுங்கியிருந்தது. அது அறுந்தால் ஆளைத் தாங்க வேண்டிய காப்புக் கயிற்றைப் பார்த்தாள். அதுவும் அதே இடத்தில் தேய்ந்திருந்தது.

கயிறு சுவரின் விளிம்பில் உரசாமல் இருக்க, அடியில் கனத்த துணி மெத்தை ஒன்றைக் கட்டுவார்கள். அவருடைய மெத்தை மடித்தபடி பைக்குள் இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கட்டட மேலாளர் கதவருகே வந்து நின்றார். பிதுங்கிய நூலைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். திரும்பி மேலே போய்விட்டார்.

மூத்தவள் கத்தினாள். அவள் கத்தினால் எப்படியிருக்கும் என்று இத்தனை வாரமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். மெத்தையை யார் கட்டாமல் விட்டது, கயிற்றைச் சரிபார்த்தது யார், வாயைத் திறந்து சொன்னால்தான் என்ன என்று அறையே அதிரக் கேட்டாள். மீசைக்காரர் தன் செருப்பைப் பார்த்தார். பாட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். நெட்டையன் எங்கேயும் பார்க்கவில்லை.

கயிற்றில் தொங்கியபோது அவள் ஊதிய ஊதலுக்கு எல்லோரும் அசைந்தார்கள். இங்கே தொண்டை கிழியக் கத்தியும் ஒருவர்கூட அசையவில்லை. அவளுக்கு அது புரியவேயில்லை.

இளையவன் கடைசிக் கயிற்றுச் சுருளோடு உள்ளே வந்தான். நிலைமையைப் பார்த்ததும் சுருளை இறக்கி வைத்துவிட்டு, ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். காலையில் போட்ட வட்டம் போல இல்லை இது. யாரையும் அவன் உட்காரச் சொல்லவில்லை.

தன்னால் இன்று நான்கு பேர் கூடுதல் நேரம் தொங்க வேண்டியதாகிவிட்டது என்றான். அந்த நேரத்தில் கேள்வி கேட்டது தப்பு, அக்கா ஊதியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ என்றான். மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னான். அப்புறம் சும்மா இருந்தான். மூத்தவள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அவளைப் பார்த்துக் கையை மட்டும் லேசாக அசைத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தம்பி சொன்னதை அவள் கேட்டாள்.

நெட்டையன் தன் மெத்தையைப் பையிலிருந்து வெளியே எடுத்தார்.

"பெரியவர் சொன்னார்," என்றார் நெட்டையன்.

காலையில் அவர் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தபோது பெரியவர் போன் செய்தாராம். அந்தப் பக்கத்துச் சுவர் விளிம்பு வழவழப்பாக இருக்கும், மெத்தையே தேவையில்லை, ஒவ்வொரு வரிசைக்கும் அவிழ்த்துக் கட்டி நேரத்தைக் கொல்லாதீர்கள், நால்வருக்கும் எடுத்துவிடு என்றாராம். அவர் காலத்தில் அந்த விளிம்பு வழவழப்பாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு யாரோ அதன்மேல் அலுமினியப் பட்டை பதித்திருக்கிறார்கள். மேலே போனதும் நெட்டையன் பட்டையைப் பார்த்தார். அதன் ஓரத்தைத் தடவியும் பார்த்தார்.

"மத்தவங்களுதை எடுக்க மனசு வரல. ஐயா பேச்சைத் தட்டவும் முடியல," என்றார். "அதான் என்னுதை மட்டும் எடுத்தேன்."

மூத்தவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு வருடம் கயிற்றோடு வாழ்ந்த மனிதர், அறுந்துபோகும் என்று தெரிந்தே தன் கயிற்றை மட்டும் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கிறார். ஒரு உத்தரவுக்கு மரியாதையாக.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அண்ணே."

"நேத்து ஒண்ணு கேட்டேன், தங்கச்சி. வேலையைப் பாருங்கன்னுட்டீங்க."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். என்ன கேட்டார் என்றுகூட அவளுக்கு நினைவில்லை. அதுதான் அவளை அதிகம் குத்தியது.

காலையில் வட்டமாக உட்கார்ந்தபோதாவது சொல்லியிருக்கலாமே என்று இளையவன் மெதுவாகக் கேட்டான். ஐயா சொன்னது தப்பு என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று நெட்டையன் திருப்பிக் கேட்டார். மனக்குறையைக் கேட்கத் தெரிந்தவனுக்கு, தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியது எது என்று தெரிந்திருக்கவில்லை.

வீடு திரும்பும்போது வேனில் யாரும் பேசவில்லை, அப்பாவைத் தவிர. அவர் மட்டும் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

விளக்கு போடும் நேரத்துக்கு அம்மா பணி முடிந்து வந்தாள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறையின் தலைமை நர்ஸ் அவள். கைப்பையை வைத்துவிட்டு, மூன்று முகங்களையும் ஒரு பார்வை பார்த்தாள். யாருக்கு என்ன அடி என்று கேட்டாள். உடம்பில் இல்லை என்றான் இளையவன்.

சாப்பாட்டு மேசை மறுபடியும். இந்தக் குடும்பத்துக்கு அந்த மேசை ராசியில்லை என்று எழுதிய வாசகி சொன்னது சரிதான்.

அப்பா தண்ணீர் குடித்துவிட்டுத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். சென்ற வாரம் தான் சொன்னதை மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து யாரும் கேட்டதில்லை. இன்று காற்றில் என்ன நடந்தது என்பதை வேனிலிருந்து தன் கண்ணாலேயே பார்த்தாராம். ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான், ஒருத்தி செய்தாள்.

"யாரையும் கேட்கல பாரு, அதுதான் தலைமை. நீ என்னை மாதிரி. இனி கம்பெனி உன்னுது."

மூத்தவள் இந்த வார்த்தைக்காக எத்தனை வருடம் வெயிலில் தொங்கினாள் என்று அவளுக்குத்தான் தெரியும். எங்கே, எப்படி, எந்த மேசையில் அவர் சொல்வார் என்றுகூடக் கற்பனை செய்து வைத்திருந்தாள். இதோ சொல்லிவிட்டார். அவளுக்கு அழுகை வந்தது. அது சந்தோஷ அழுகையாக இல்லாததுதான் கொடுமை.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். மாடியில் நிற்கிற தகுதி தனக்கு இன்னும் வரவில்லை, அதை அக்காவிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவனே அப்பாவிடம் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கவில்லை.

அப்பா, ஒரே ஒரு வேலை பாக்கி என்றார். மேலாளர் கயிற்றைப் பார்த்துவிட்டார். யாருடைய தவறு என்று நாளைக் காலையில் பெயர் சொன்னால்தான் கட்டடத்துக்குள் விடுவாராம். அதனால் நெட்டையனை அனுப்பிவிட வேண்டும். மெத்தை கட்டாமல் இறங்கியவர் அவர்தானே.

"அவரை எடுக்கச் சொன்னது நீங்க," என்றாள் மூத்தவள்.

அப்பா மறுக்கவில்லை. மறுக்க வேண்டிய விஷயமாகவே அவருக்குத் தெரியவில்லை. விளிம்பு மாறியிருந்தால் மாறியிருக்கிறது என்று நெட்டையன் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்றார்.

"உங்ககிட்ட யாருப்பா இதுவரைக்கும் அப்படிச் சொல்லியிருக்காங்க?"

அப்பாவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது, அதை மறைக்க எனக்கு உரிமையில்லை. தொழில் தொடங்கியபோது வந்தவர்களில் ஒருவர்கூட அதற்குமுன் ஒழுங்காக ஒரு முடிச்சுப் போட்டதில்லை. அவர் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கற்றுக்கொடுத்தார். சொன்னதைச் செய், கேள்வி கேட்காதே என்றுதான் சொன்னார். அப்படிச் சொன்னதால்தான் எல்லோரும் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்கு ஆளாளுக்கு அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருந்தால் பாடைதான் கட்டியிருக்க வேண்டும் என்றார்.

"இன்னைக்கு நீ மட்டும் யாரைக் கேட்டே? ஊதினே, இறங்கினாங்க. நீ செஞ்சா சரி, நான் செஞ்சா தப்பா?"

அந்தக் கேள்வியை வேனில் வரும் வழியெல்லாம் அவளே தன்னிடம் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"நான் அவங்களோட தொங்கிட்டு இருந்தேன்பா. அதே காத்து என் மேலயும் அடிச்சுது. கேட்கறதுக்கு நேரமும் இல்ல. நீங்க வேன்ல உட்கார்ந்திருந்தீங்க. கேட்கறதுக்கு ஒரு காலைப் பொழுது முழுக்க இருந்துது. விளிம்பு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும்."

தானும் அப்படித்தான் இருந்திருப்பதாகச் சொன்னாள். தரையில் நிற்கும்போதும் கயிற்றில் தொங்குவதுபோலவே கத்திக்கொண்டிருந்தாள். நெட்டையன் அண்ணன் அவளிடம் வாயைத் திறக்காததற்கு அவளும் காரணம். அதை நாளைக்கு ஆட்கள் முன்னால் சொல்லப்போவதாகச் சொன்னாள். அப்பாவும் வந்து, மெத்தையை எடுக்கச் சொன்னது தான்தான் என்று சொல்ல வேண்டும் என்றாள்.

ஆட்கள் முன்னாலா என்று கேட்டார் அப்பா. ஆமாம், மேலாளர் முன்னாலும்தான் என்றாள்.

அம்மா அதுவரை தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கையில் எடுத்த பிறகு எந்த டாக்டரும் ஓட்டு எடுப்பதில்லை என்று பொதுவாகச் சொன்னாள். ஆபரேஷனுக்கு முன்னால் மட்டும், நல்ல டாக்டர் கடைசி நர்ஸ் வரைக்கும் பேச விட்டுவிட்டுத்தான் கத்தியைத் தொடுவார். அப்படி விடாத ஒருவரோடு தான் வேலை பார்க்க மறுத்து, அறையை மாற்றிக்கொண்டதும் உண்டு என்றாள். ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் இங்கே வேண்டாம் என்றார் அப்பா. வேண்டாம் என்றால் சரி, ஆனால் நடந்தது நடந்ததுதான் என்று சொல்லிவிட்டு அம்மா அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அது பிள்ளைகளின் பக்கம் என்பதை எல்லோரும் கவனித்தார்கள்.

மூத்தவள் தான் யோசித்து வைத்ததைச் சொன்னாள். கயிற்றில் இறங்கின பிறகு ஊதல் அவளிடம், அப்போது ஒரே குரல். இறங்குவதற்கு முன்னாலும் தரைக்கு வந்த பிறகும் தம்பி ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்பான். அப்போது அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கஷ்டம்தான், ஆனால் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு கம்பெனிக்கு இரண்டு தலையா என்று அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை. இது பேரம் இல்லை, நெட்டையன் போகிறான், நீ தலைமைக்கு வருகிறாய், இரண்டும் சேர்ந்ததுதான் என்றார். வேண்டாமென்றால் சொல், கம்பெனியை வெளியாளுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

"வேணும்பா," என்றாள் மூத்தவள். "ரொம்ப வேணும். ஆனா உங்களுக்காக உயிரையே கொடுக்கத் துணிஞ்ச மனுஷனை வெளியே தள்ளிட்டுத்தான் அது எனக்குக் கிடைக்கும்னா, அதை நீங்களே வச்சுக்கோங்க. அண்ணன் இல்லாம நாளைக்கு நான் கயிறு கட்டமாட்டேன்."

"நானும் மாடிக்குப் போகமாட்டேன்," என்றான் இளையவன்.

அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று அவர் பார்த்ததில்லை. சின்ன வயதில் ஒரு மிட்டாய்க்குக்கூட ஒற்றுமையாக இருக்காதவர்கள்.

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். உங்களுக்கெல்லாம் தலைமை என்றால் என்னவென்று இப்போது காட்டுகிறேன் என்றார். எனக்காக உழைத்தவனுக்கு என் பேச்சின் அருமை தெரியும், உங்களுக்குத்தான் தெரியவில்லை என்றார். போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, மேசை நடுவில் போட்டார்.

மூன்றாவது மணியில் நெட்டையன் எடுத்தார். பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

அப்பா நலம் விசாரிக்கவில்லை. நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார். உத்தரவு போடும் அதே குரல், எப்போதும் போல.

"சரிங்க ஐயா," என்றார் நெட்டையன்.

அப்பா மூத்தவளைப் பார்த்தார். பார்த்தாயா என்பதுபோல அவர் புருவம் உயர்ந்தது. போனை வைக்க அப்பா கையை நீட்டினார். ஆனால் அந்தப் பக்கம் போன் வைக்கப்படவில்லை. பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"ஐயா, ஒண்ணு கேட்கலாமா?"

அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. நெட்டையன் அனுமதிக்குக் காத்திருக்காமல் கேட்டுவிட்டார்.

"என்ன தப்புக்குன்னு மட்டும் சொல்லிடுங்க ஐயா. வீட்ல எல்லாரும் பக்கத்துலயே நிக்கிறாங்க. நான் அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்?"

அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்பாவின் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. அம்மா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இளையவன் பேச வந்தான். மூத்தவள் மேசைக்கு அடியில் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். இந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்பட்டதோ அவர்தான் பேச வேண்டும்.

அவள் போனைக் கொஞ்சம் அப்பாவின் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"அண்ணன் கேட்கிறாருப்பா. பதில் சொல்லுங்க."